நெற்றியில் விட்ட இடம்

…நாலு மணிக்குப் போதகர் வந்துவிடுவார், இப்போது இரண்டரை, அம்மாவின் முகத்தில் கண், மூக்கு, தாடை எல்லாம் முடிந்தது, நெற்றிதான் பாக்கி, எனக்கு எப்போதும் நெற்றிதான் பாக்கி. கொச்சிக் கண்காட்சியில் ஒருவர் இதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதினார், இவர் வரையும் முகங்களில் நெற்றி மட்டும் வெறும் கான்வாஸாக நிற்கிறது, அது ஒரு மௌனம் என்று… மௌனமாவது மண்ணாங்கட்டியாவது, அங்கே என்ன வைப்பது என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பூதப்பாண்டியில் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போனால் நான் ஆர்த்திகா, சுவர் நிறையச் சாமி படங்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். இரணியலில் அப்பாவின் இந்த வீட்டில் நான் ஆன்ஸ்லின், சுவரில் ஒரு பைபிள் வசனக் காலண்டர், வேறு ஒன்றும் கிடையாது. அங்கே பொட்டில்லாத முகம் தப்பு, இங்கே பொட்டு வைத்த முகம் தப்பு. இரண்டிலும் பாஸாக வேண்டும் என்றால் அந்த இடத்தைத் தொடாமல் விடுவதுதான் வழி, அதையே இருபது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன், அதற்கு ஒரு விருதும் கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் படத்தில் அப்படி விட முடியாது. அம்மா இறந்து ஒரு வருஷம், இன்றைக்கு நினைவு ஜெபம், படம் ஒன்றுமே மாட்டாத இந்த வீட்டில் அப்பாதான் கேட்டார், நீயே வரைஞ்சு தா மக்கா என்று. காலையில் அப்பாவின் அக்கா சத்தியபாய் மாமி போனில், “ஏட்டி ஆன்ஸ்லின், பொட்டு கிட்டு ஒண்ணும் வச்சிரப்பிடாது கேட்டியா, போதகரு வருவாரு.” பத்து நிமிஷத்தில் அம்மாவின் அண்ணன் சுயம்புலிங்கம் மாமா, “ஆர்த்தி, சுமங்கலியாட்டு போனவ பாத்துக்க, நெத்தி காலியா இருக்கப்பிடாது.” இரண்டு பேரிடமும் சரி என்றேன். மாமா இந்த வீட்டுப் படி ஏறியதே இல்லை, இன்றைக்குத்தான் முதல்முறை வருகிறார், எதை வரைந்தாலும் ஒருவர் பாதியில் எழுந்து போவார். போகட்டும் என்று விடலாம்… ஆனால் அம்மா எதை விரும்பியிருப்பாள்? மீனாட்சியம்மாளாகப் பிறந்து, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்து நேசபாயானவள். அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சின்ன வயதில் பூதப்பாண்டி பஸ்ஸில் ஏறியதும் பர்ஸிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு எடுத்து வைத்துக்கொள்வாள், திரும்பும்போது அதை முன் சீட்டுக் கம்பியில் ஒட்டிவிட்டு, கைக்குட்டை நுனியைத் தண்ணீரில் நனைத்து என் திருநீற்றைத் துடைப்பாள். நல்ல விளையாட்டு என்று நினைத்து அதை மாமியிடம் சொன்னேன், அப்போது எனக்கு ஏழு வயது. மூன்று மாதம் அம்மாவுக்கு இராப்போஜனம், சர்ச்சில் தருகிற அப்பமும் ரசமும், கிடையாது என்றார்கள். எல்லாரும் அப்பத்துக்குப் போய் வரிசையில் நிற்க அவள் மட்டும் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு வெட்கப்படுகிறேன், இன்றைக்கும். அதன் பிறகு அவள் பஸ்ஸில்கூடப் பொட்டு வைத்து நான் பார்க்கவில்லை.

சரி, தோல் நிறத்தையாவது சரியாகப் பார்ப்போம் என்று ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோவைப் போனில் பெரிதாக்கினேன்… எப்போதும் பூசுகிற பவுடர் அன்றைக்கு இல்லை, புருவங்களுக்கு நடுவே மிளகு அளவில் ஒரு வெளிறிய வட்டம். சிக்கன்பாக்ஸ் தழும்பு என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் தழும்பு குழியாக இருக்கும், இது வழவழவென்று நிறம் மட்டும் செத்துப்போன இடம், கல்லூரி விடுதியில் என் அறைத்தோழிக்கும் இதே இடத்தில் இதே போல இருந்தது, ஸ்டிக்கர் பசை, வருஷக்கணக்கில் தினமும் ஒட்டினால் இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். தினமும்… எப்போது வைத்தாள்? நாலரைக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அம்மா முகம் கழுவி ஈரத்தோடுதானே நிற்பாள், எத்தனை வருஷம் பார்த்திருப்பேன். கறுப்பும் சிவப்பும் தொடாமல், தோல் நிறத்தில் கொஞ்சம் வெள்ளையைக் கலந்து நெற்றியில் ஒரு சின்ன வட்டம் வைத்தேன்.

நாற்காலி எடுக்க வந்த அப்பா பின்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் கீழ வரும் மக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார். அவருக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும்… அவர் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் அடுத்த தெருதான், மத்தியானம் தினமும் சாப்பிட வீட்டுக்கு வருவார், எதிரே உட்கார்ந்து அம்மா பரிமாறுவாள், பொட்டோடுதான் பரிமாறியிருப்பாள். அப்படியானால் நாலரைக்கு அவள் முகம் கழுவியது… அப்பா டியூஷன் முடித்து வீடு திரும்ப ஆறு மணி ஆகும், அந்த நேரத்தில் வீட்டுக்குள் வருகிறவள் நான் ஒருத்திதான்.

பிரஷை எடுத்து வட்டத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.