தேயிலைக் கூடைக்குள் ஒரு துரை

‘கொழும்பில் கொம்பனி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்’ என்று நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தில் அச்சாகியிருந்த வரியை அன்னபூரணம் இரண்டு தரம் வாசித்தாள். சிவபாதம் செத்து அன்று முப்பத்தோராம் நாள். ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூட மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. செத்தவரின் தமையன் விநாயகமூர்த்தி மாஸ்ரர் அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“பூரணம், அவன் சாமிப்படம் கீறினதைச் சொல்லும். வேலையாலை நிப்பாட்டின கதை வேண்டாம். அவன்ரை பெட்டைக்குச் சம்பந்தம் பேசுற நேரம்.”

“ஓய்வு பெற்றவர் எண்டு போட்டிருக்கிறியளே, மாஸ்ரர்?”

“அதுக்கென்ன?”

“அது பொய்.”

அவர் மேடைக்குப் போனார்.

கொழும்புக் கோட்டையிலிருந்த விளம்பரக் கொம்பனியில் அவளும் சிவபாதமும் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து படம் கீறியவர்கள். கூந்தல் தைலத்துக்கும் சேலைக்கும் பெண்களைக் கீறுவது அவள் வேலை. சவர்க்காரம், சைக்கிள், பிஸ்கற், தேயிலை எல்லாம் அவருக்கு. பின்னேரங்களில் இரண்டு பேரும் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் கீறினார்கள். ‘பூரணம்’ என்ற கையெழுத்தை ஓர் ஆணின் புனைபெயர் என்றே வாசகர்கள் நினைத்தார்கள். ஒரு மந்திரியின் வயிற்றை ஒரே கோட்டில் கீறிவிட்டு, “உமக்கு இது ஏலாது” என்று சிவபாதம் சீண்டுவார். அடுத்த கிழமை அவள் இரண்டு மந்திரிகளை ஒரே கோட்டில் கீறிக் காட்டுவாள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்த அவளுடைய அறை எரிந்தபோது அந்தப் படங்கள் எல்லாம் போயின. ஒரு பெட்டியோடு கப்பலேறி வந்து, பக்கத்து ஊரான கரம்பொன்னில் இருக்கத் தொடங்கி இப்போது மூன்று வருஷம்.

அவள் முறை வந்தது. எழுந்து பேசினாள்.

“சிவபாதம் ஓய்வு பெறேல்லை. அவரை வேலையாலை கலைச்சவை. ஐம்பத்து நாலாம் ஆண்டு ஒரு தேயிலை விளம்பரத்துக்குக் கொழுந்து பறிக்கிற பெண்ணைச் சிரிக்கச் சிரிக்கக் கீறச் சொன்னவை. அவர் கீறினார், சிரிப்பை மட்டும் கீறேல்லை. அதே பெண்ணை அந்தக் கிழமைப் பத்திரிகையிலும் கீறினார். அங்கை அவளின்ரை முதுகுக் கூடைக்குள்ளை தோட்டத்துத் துரை இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தார்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். விநாயகமூர்த்தி செருமினார்.

“திங்கட்கிழமை அவரை அனுப்பிப்போட்டினம். விளம்பரம் பாதியிலை நிண்டுது. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பைக் கீறி முடிச்சது நான்.”

முப்பத்திரண்டு வருஷம் யாருக்கும் சொல்லாதது.

“பிறகு எந்தக் கொம்பனியும் அவரை எடுக்கேல்லை. ஊருக்கு வந்து கடைப் பலகையும் வள்ளத்துப் பேரும் எழுதினார். அதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை. வெக்கம் என்ரை.”

“காணும், பூரணம். இரும்” என்று விநாயகமூர்த்தி கதிரையைக் காட்டினார்.

“இன்னும் முடியேல்லை, மாஸ்ரர்.”

மேடைக்குப் பின்னால் கரும்பலகை இருந்தது. அவள் சோக்கை எடுத்தாள். முதலில் கூடை, பிறகு கூடையின் கயிறு அழுத்தும் நெற்றி, வெறுங்கால்கள், தொப்பியோடு காலுக்கு மேல் கால் போட்டிருக்கும் துரை. கை தானாகவே சிவபாதத்தின் கோட்டைப் பிடித்தது. கடைசியாக அந்தப் பெண்ணின் வாய். அவள் அதைச் சிரிக்க வைக்கவில்லை. நேராக ஒரு கோடு இழுத்து நிறுத்தினாள்.

மாஸ்ரர் டஸ்ரரை எடுத்துக்கொண்டு பலகையடிக்கு வந்தார். அப்போது முன்வரிசையிலிருந்து சிவபாதத்தின் மனைவி யோகம்மா எழுந்தாள். மாஸ்ரரைத் தாண்டி வந்து படத்தை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“அக்கா, இதை அவர் எனக்கு எத்தினை தரம் மண்ணிலை கீறிக் காட்டினவர் தெரியுமே. நீங்கள் ஒண்டை விட்டிட்டியள்.”

சோக்குக்குக் கை நீட்டினாள். அன்னபூரணம் கொடுத்தாள். யோகம்மா பலகையின் அடியில் குந்தி, கொழுந்து பறிப்பவளின் வெறுங்காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, இரத்தம் குடித்து வீங்கிய அட்டை ஒன்றை மெல்ல மெல்லக் கீறத் தொடங்கினாள். மாஸ்ரர் டஸ்ரரோடு அவளுக்குப் பின்னால் நின்றார். சோக்குத் தூள் அவளுடைய வெள்ளைச் சேலையில் உதிர்ந்துகொண்டிருந்தது.