கன்னிமடத்து அங்கி

எங்கள் சீமாட்டி அசெனோரின் கணவருடைய தலையைப் பிரெஞ்சு ராஜா வெட்டினான். அன்றிலிருந்து எங்கள் பிரெத்தான் நாட்டுக் கடலில் அவன் கொடி பறக்கும் எந்தக் கப்பலையும் நாங்கள் விட்டதில்லை.

அன்று நாங்கள் மடக்கிய கப்பலில் ராஜாவின் பாதிரியார் இருந்தார். அவர் ஒரு கறுப்பு அங்கியை நீட்டினார்.

"சீமாட்டி, ராஜா உங்கள மன்னிச்சிட்டாரு. புருஷன் போன பொம்பளைக்குக் கன்னிமடம்தான் மரியாதை. இதப் போட்டுக்கிட்டு கரைக்கு வந்துடுங்க."

"யாரு யாரய்யா மன்னிக்கிறது?" என்று நான் கத்தினேன்.

"சும்மா இரு, ரிவால்," என்றாள் சீமாட்டி. அங்கியை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்ல கெட்டித் துணி. ராஜா கஞ்சத்தனம் பண்ணல."

சண்டையில் அம்பு பட்டு எங்கள் கப்பலின் பாய் கிழிந்து தொங்கியது. அவள் ஊசி கேட்டு வாங்கி, அங்கியைப் பிரித்து, கோட்டையில் பூ வேலை செய்த அதே விரல்களால் கிழிசலின் மேல் வைத்துத் தைத்தாள். பாதிரியார் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாய் மேலே ஏறிக் காற்றில் புடைத்தது.

"படகு தர்றேன், கிளம்புங்க சாமி. அங்கியப் போட்டுக்கிட்டேன்னு ராஜாகிட்ட சொல்லுங்க. நம்பலைன்னா கடற்கரையில வந்து நிக்கச் சொல்லுங்க. போட்டுக்கிட்டே வர்றேன்."