திருப்பிக் கொடுத்த சீர்

இருநூறு ரூபாய்க்கு மேல் எந்தச் செலவானாலும் மூன்று பேரும் உட்கார்ந்து பேசித்தான் செய்ய வேண்டும் என்று கலியமூர்த்தி சொன்னபோது ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது ஆள் அவர்கள் மகள் பூங்குழலி. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

ஆனால் சிரிக்கிற நிலைமை இல்லை. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் மரக்காணம் உப்பளத்தில்தான் வேலை. அவன் பாத்தியில் உப்பு வாருவான். அவள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் குவிப்பாள். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் இரண்டு பேருக்கும் கூலி கிடையாது. போன மழைக்கு வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட்டார்கள். அதற்கு முந்தைய மழைக்கு அடகு வைத்த ரேணுகாவின் கம்மல் மூழ்கியே போய்விட்டது. வாங்கிய கடனை அடைப்பதற்குள் வெயில் காலம் முடிந்து அடுத்த மழை வந்து நின்றது. இந்த ஒரு வருஷமாவது யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்று கலியமூர்த்தி முடிவு செய்தான்.

சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் ஒரு பங்கு தபாலாபீசுக்குப் போயிற்று. கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும். பூங்குழலி ஷேர் ஆட்டோவை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். ரேணுகா உப்பளத்துக் கடையில் காலை டீயையும் போண்டாவையும் நிறுத்தினாள். கலியமூர்த்தி ஒரு கட்டு பீடியை இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டான். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பாஸ்புக்கில் எண் ஏறுவதைப் பார்க்க மூன்று பேருக்குமே ஒரு ருசி உண்டாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் பூங்குழலி பெரியவளானாள்.

அன்று சாயந்திரமே பேச்சு வந்தது. ஊரில் சடங்கு என்றால் மண்டபம், சமையல்காரர், வீடியோ, தெருமுனையில் பெண்ணின் படம் போட்ட பேனர். எப்படிச் சுருக்கினாலும் லட்சத்துக்குக் குறையாது.

"மொய் வரும்னு சொல்லுவாங்க. வர்ற மொய்ய நாளைக்கி நாமதானே திருப்பி வைக்கணும்? அதுவும் கடன்தான்" என்றான் கலியமூர்த்தி.

"எனக்கு பேனர்லாம் வேணாம்பா. கிளாஸ்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க" என்றாள் பூங்குழலி, மூலையில் தனிப்பாயில் உட்கார்ந்தபடி.

ரேணுகா மட்டும் தயங்கினாள். "ஏங்க, எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

ரேணுகாவின் அண்ணன் ஆதிமூலம் பிரம்மதேசத்தில் இருந்தார். இன்னொருவருடைய டிராக்டரை ஓட்டிப் பிழைப்பவர். அவருக்கும் பெண்டாட்டி சூர்யகலாவுக்கும் பிள்ளை இல்லை. பூங்குழலிக்கு ஒரே தாய்மாமன்.

"கேட்டா இன்னா சொல்லுவாரு? செய்யலாம்னுதான் சொல்லுவாரு. அப்புறம் கடன உடன வாங்கி சீர் எடுத்துக்குனு வருவாரு. கேக்காம இருக்கறதுதான் நாம அவருக்குச் செய்யற நல்லது."

சரியான பேச்சாகத்தான் ரேணுகாவுக்கும் பட்டது. மறுநாள் காலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். மாமன் பெண்டாட்டி ஊற்ற வேண்டிய முதல் தண்ணீரைப் பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் ஊற்றினாள். அதற்குப் பிறகுதான் ரேணுகா போன் செய்தாள்.

"அண்ணே, குழலி பெரியவளாயிட்டா."

"அப்டியா! எப்பம்மா?" என்ற ஆதிமூலம், பதிலுக்குக் காத்திராமல் உள்பக்கம் திரும்பிக் கூவினார். "சூர்யகலா, இங்க ஓடியா, நம்ம குழலி பெரியவளாயிட்டாளாம்! சடங்கு என்னிக்கி ரேணு? மாமன் குடிசைக்கி ஓல வெட்டணுமே."

"சடங்குலாம் வைக்கலண்ணே. வீட்டோட தண்ணி ஊத்திட்டோம். உங்களுக்கும் வீண் சிரமம் எதுக்குன்னுதான்..."

அந்தப் பக்கம் சூர்யகலா ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"தண்ணி ஊத்தியாச்சா?"

"ம்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

"பாத்தியா, ஒத்துக்கினாரு" என்றான் கலியமூர்த்தி. அவனுக்கு அது பெரிய நிம்மதி.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. ரேணுகா உப்பளத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பூங்குழலி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தாள். கலியமூர்த்தி லாரிக்கு மூட்டை ஏற்றப் போயிருந்தான். தெருவில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஆதிமூலமும் சூர்யகலாவும் இறங்கினார்கள். அவர் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஆட்டோவுக்குள்ளிருந்து தட்டு தட்டாக எடுத்தார்கள். பழம், பூ, வளையல், மஞ்சள் குங்குமம், இனிப்பு, பட்டுப் பாவாடை தாவணி. மொத்தம் ஒன்பது தட்டு. தூக்கி வர வேறு ஆள் இல்லாததால் இரண்டு பேரும் மாறி மாறி நடந்தார்கள். ஆதிமூலத்துக்கு முட்டி வலி. படியேற ஒவ்வொரு தடவையும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டார் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ரேணுகா அவசரமாகப் பாயை விரித்தாள். "இன்னாண்ணே இது, சொல்லாம கொள்ளாம..."

"நீ சொல்லிட்டுதான் செஞ்சியா?" என்று சூர்யகலா ஆரம்பித்தாள். ஆதிமூலம் கையைக் காட்டி நிறுத்தினார். கடைசித் தட்டில் ஒரு சிறிய நகைப்பெட்டி இருந்தது. ஒரு பவுன் சங்கிலி.

"குழலி பொறந்த வருசத்துல இருந்து சீட்டு கட்டிக்கினு வர்றாரு. ஒரு சீட்டு முடிஞ்சா அடுத்த சீட்டு. வேட்டி எடுன்னா எடுக்க மாட்டாரு" என்றாள் சூர்யகலா.

"சும்மா இருடி."

ரேணுகாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்பில் காலையில் வைத்த கருவாட்டுக் குழம்பு இருந்தது. ரேஷன் அரிசிச் சோறு இருந்தது. சீர் கொண்டுவந்த அண்ணனுக்கு அதைப் போட முடியாது. கறிக்கடை இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் இது புதன்கிழமை. வாரச் செலவுக்கு எடுத்து வைத்ததில் இருநூற்று எண்பது ரூபாய் மிச்சம் இருந்தது. அதில் கறி எடுத்தால் சனிக்கிழமை வரைக்கும் என்ன செய்வது என்று அவள் மனம் தானாகவே கணக்குப் போட்டது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் ஆதிமூலம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"கறி எடுத்துக்குனு வரட்டுமாண்ணே?" என்றாள் அவள்.

கேட்டிருக்கக் கூடாது. பையை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"வேணாம்மா. வர்ற வழியிலயே சாப்ட்டோம்."

இருவரும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு நாலரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். பூங்குழலி புத்தகப்பையோடு வந்து தட்டுகளைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். "வாடா கண்ணு" என்று ஆதிமூலம் கூப்பிட்டு, பள்ளிக்கூட யூனிபார்மின் மேலேயே சங்கிலியைப் போட்டுவிட்டார். கொக்கி மாட்ட அவருடைய தடித்த விரல்களுக்கு வரவில்லை. சூர்யகலாதான் மாட்டினாள். போகும்போது அவர் சிரித்த முகமாகத்தான் போனார்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கலியமூர்த்தி அந்தப் பேச்சை எடுத்தான். மூன்று நாளாக அது அவனை உறுத்திக்கொண்டிருந்தது.

"ஒரு பவுன் இன்னிக்கி இன்னா வெல விக்கிது? அந்த மனுசனுக்குப் புள்ள குட்டி இல்ல. நாளைக்கி ஒண்ணுன்னா யாரு பாப்பாங்க? நாம சிக்கனமா இருக்கறேன்னு சொல்லிக்கினு அவரு சேத்தத வாங்கி வச்சிக்கிறது நாயமா?"

"மாமாவுக்கு முட்டி ஆபரேசன் பண்ணணுமாம். அத்த சொன்னாங்க" என்றாள் பூங்குழலி. "பாவம்பா. குடுத்துடலாம்."

இருவரும் ரேணுகாவைப் பார்த்தார்கள். அண்ணன் படியில் நிலையைப் பிடித்து நின்றது அவள் நினைவுக்கு வந்தது. கூடவே வேறு என்னவோ வேண்டாம் என்றும் சொல்லிற்று. அது என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பேசாமல் இருந்தாள். அந்த வீட்டில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறி பிரம்மதேசத்துக்குப் போனார்கள். ஆதிமூலம் கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி நகைப்பெட்டியை அவர் பக்கத்தில் வைத்தான்.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. துணிமணிலாம் நாங்க வச்சிக்கினோம். இது மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆபரேசனுக்கு ஆவும்."

ஆதிமூலம் பெட்டியைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார். "நீயும் சேந்துதான் வந்தியாம்மா?"

"உங்க நல்லதுக்குதாண்ணே."

அவர் தலையாட்டினார். கையில் தைலம் இருந்ததால் துண்டில் நிதானமாகத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். சூர்யகலா இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து தரையில் வைத்தாள். குடியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கலியமூர்த்தி, "கோவம்லாம் இல்லன்னுதான் நெனைக்கிறேன்" என்றான். ரேணுகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழை அந்த வருஷம் சீக்கிரமே வந்தது. பாத்திகள் ஏரி மாதிரி நிறைந்து, குவித்து வைத்த உப்பின்மேல் போட்டிருந்த தார்ப்பாய்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பத்து வருஷத்தில் முதல்முறையாகக் கலியமூர்த்தி வட்டிக்காரர் வீட்டுப் பக்கமே போகவில்லை. மாதாமாதம் தபாலாபீசுக்குப் போய்த் தேவையானதை எடுத்து வந்தான். ஒரு நாளும் அடுப்பு எரியாமல் இல்லை. அவன் நினைத்தது நடந்தது. இதை யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. முன்பெல்லாம் இப்படி எதுவானாலும் ஆதிமூலத்துக்குத்தான் போன் செய்வான். இப்போது போன் செய்தால் சூர்யகலாதான் எடுத்து, "அவரு வெளிய போயிருக்காரு" என்பாள்.

கார்த்திகையில் சூர்யகலாவே கூப்பிட்டாள். கிளியனூரில் அவளுடைய அண்ணன் மகளுக்குச் சடங்கு. "எல்லாரையும் கூப்புடறோம், உங்களையும் கூப்புடறேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

மூன்று பேரும் போனார்கள். மண்டபத்து வாசலில் பேனர் மழையில் நனைந்து ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அண்ணன் முறைக்கு ஆதிமூலம்தான் என்று சொல்லி, தாய்மாமன் சீரை அவரையே செய்யச் சொல்லியிருந்தார்கள். மேளத்துக்குப் பின்னால் அவர் மாலை போட்டுக்கொண்டு நடந்து வந்தார். இன்னும் நொண்டித்தான் நடந்தார். இருபது முப்பது பெண்கள் தட்டு ஏந்தி வந்தார்கள். மேடையில் அந்தப் பெண்ணின் கழுத்தில் சங்கிலியைப் போட்டபோது வீடியோக்காரன் இன்னொரு தடவை போடச் சொன்னான். அவரும் கழற்றி இன்னொரு தடவை போட்டார். தனக்குப் போட்ட அந்தச் சங்கிலியைப் பூங்குழலி அடையாளம் கண்டுகொண்டாள். அம்மாவின் கையைப் பிடித்தாள்.

கலியமூர்த்தி ஐந்நூற்று ஒன்று மொய் எழுதினான். அதற்கு யாரையும் கேட்கவில்லை.

பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஆதிமூலம் ஒவ்வொரு வரிசையாக விசாரித்துக்கொண்டே வந்தார். இவர்கள் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"வாங்க, வாங்க. நல்லா சாப்புடுங்க. பாயாசம் வாங்கிக்கினீங்களா?"

ரேணுகாவைப் பார்த்துத்தான் சொன்னார். பிறந்ததிலிருந்து அவளை வா போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கோபம் வந்தால் 'ஏ கழுத' என்பார். அவள் நிமிர்ந்து, "அண்ணே" என்றாள். அதற்குள் அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். பரிமாறுகிறவன் சோறு வைக்க வந்து, அவள் இலையிலிருந்து கையை எடுக்காமல் இருந்ததால் காத்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் ஷட்டரை இறக்கியும் சாரல் அடித்தது. கலியமூர்த்தி முன்சீட்டில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். தூங்குகிற மாதிரி இருந்தது, தூங்கவில்லை.

"உனக்கு சடங்கு வேணும்னு இருந்துச்சாடி?" என்று ரேணுகா மகளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இப்பக் கேக்கற."

"சொல்லு."

பூங்குழலி முகத்தில் அடித்த சாரலைக் கையால் துடைத்துக்கொண்டாள். "தெரிலம்மா. வேணாம்னு சொன்னா நீங்க சந்தோசப்படுவீங்கன்னு தெரியும்" என்றாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் உப்பளத்தில் வேலை தொடங்கியிருந்தது. மழைத் தண்ணீரை வடித்துவிட்டுப் பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துகிற வேலை. ரேணுகா மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் சத்தம் கொடுத்தது. ஆதிமூலம் ஐந்நூறு ரூபாய் அனுப்பியிருந்தார். கீழே 'பொங்கல் சீர்' என்று இரண்டே வார்த்தை. வரப்பில் ஏறி நின்று அவள் கூப்பிட்டாள். இந்தத் தடவை அவரே எடுத்தார்.

"வந்துச்சாம்மா?"

"வந்துச்சுண்ணே. நீங்க வரலியா?"

"பஸ்ஸுல கூட்டமா இருக்கும். காலும் முடியல."

"நான் வரட்டாண்ணே? நாளன்னிக்கி வர்றேன். அண்ணிக்கும் சேத்து எதனா செஞ்சி எடுத்துக்குனு வர்றேன்."

"நாங்க கிளியனூர் போறோம்மா. அந்தப் பொண்ணு வரச் சொல்லியிருக்குது." அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் அழுதிருப்பாள், கெஞ்சியிருப்பாள். கோபம் இல்லை. "வேற ஒண்ணும் இல்லியே? வச்சிரட்டுமா?"

"சரிண்ணே."

அவள் இறங்கி வந்து வரிசையில் தன் இடத்தில் நின்றாள். பக்கத்துப் பாத்தியில் மண்வெட்டியோடு நின்ற கலியமூர்த்தி நிமிர்ந்தான்.

"யாரு போன்ல?"

"அண்ணன்."

"இன்னா சொல்றாரு?"

"நல்லா இருக்காராம்" என்று சொல்லிவிட்டு ரேணுகா சேற்றை மிதிக்கத் தொடங்கினாள்.