பப்பாளித் தண்டும் ஒரு போத்தல் தண்ணீரும்

“உங்க வாப்பா இன்னும் உசுரோடத்தான் இருக்காரா?” என்று எதிர்க்கடை நவமணி ஒரு நாள் சபூராவைக் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பெரிய யுத்தம் ஓய்ந்த அந்த வருஷம், அக்கரைச் சீமையான ஜார்ஜ் டவுனில் விஷக்காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்து போயிருந்தது. சூலியா தெருவில் கைலிக்கடை வைத்திருந்த சபூராவின் தகப்பன் முகம்மது கனியை அதற்குப் பிறகு யாரும் கடையில் பார்க்கவில்லை.

அவர் உயிரோடுதான் இருந்தார். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வீட்டுக்கும் வந்துவிட்டார். கடைக்கு மேல்மாடியில் மெத்தை போட்டு, கடற்காற்று பட்டால் சளி கட்டும் என்று சன்னலை அடைத்து, மகன் சிக்கந்தர் அவரைப் படுக்க வைத்திருந்தான். சோற்றை ஊட்டிவிட்டார்கள். புரண்டு படுக்கவும் ஆள் இருந்தது. நலம் விசாரிக்க வந்தவர்கள், இப்படித் தாங்கும் பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று சிக்கந்தரை மெச்சிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு அவனுக்கு இனித்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் போகவேண்டும் என்று வாப்பா கேட்டபோதெல்லாம், உடம்பு தேறட்டும் என்று சொல்லித் தள்ளி வைத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னது வேறு. காய்ச்சல் போய்விட்டது, நுரையீரல்தான் சுருங்கிக் கிடக்கிறது. எழுந்து உட்கார வேண்டும், காற்றை ஆழமாக இழுக்க வேண்டும், தண்ணீர்ப் போத்தலுக்குள் குழல் போன்ற பப்பாளி இலைத் தண்டை விட்டுக் குமிழி வரும்படி ஊத வேண்டும், சுவரைப் பிடித்தாவது தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்றார். வயதானவரைப் படுத்தபடியே விட்டால் சளி திரும்பவும் நெஞ்சில் தங்கிவிடும் என்றும் எச்சரித்தார். சிக்கந்தர் தலையாட்டிவிட்டு வந்தான். பெரிய மனிதரைக் குமிழி ஊத விட்டால் ஊர் சிரிக்காதா என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

நவமணி கேட்ட பிறகுதான் சபூரா தன் தகப்பனை நிதானமாகப் பார்த்தாள். கால்கள் வற்றியிருந்தன. ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு முட்டியது. அன்று டாக்டர் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். சன்னலைத் திறந்தாள். கொல்லையிலிருந்து ஒரு பப்பாளித் தண்டை வெட்டி வந்தாள்.

“இது என்னம்மா, புள்ளைங்க வெளாட்டு?”

“வெளாட்டுன்னே நெனச்சு ஊதுங்க வாப்பா.”

முதலில் தண்ணீர் அசையக்கூட இல்லை. இருமல்தான் வந்தது. சிக்கந்தர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவர்கள் விடாமல் முயன்றார்கள். சிறு குமிழிகள் வந்தன. பிறகு கட்டிலிலிருந்து சன்னல்வரை நடந்தார். மூச்சு வாங்கினால் நின்றார், தெருவைப் பார்த்தார், மறுபடி நடந்தார். ஓரிரு வாரங்களில் மாடிப்படியிலும் பாதி இறங்கி ஏறினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, துணி வியாபாரி ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். சிக்கந்தர் அவரை மேலே அழைத்து வந்தபோது, வாப்பா நாற்காலியில் உட்கார்ந்து கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார்.

“என்ன சிக்கந்தரு, வாப்பாவ மறுபடி மதரஸாவுல சேக்கப்போறியா?” என்று வியாபாரி சிரித்தார்.

சிக்கந்தரின் முகம் கறுத்தது. போத்தலைப் பிடுங்கிக்கொண்டு, படுங்கள் வாப்பா என்று அதட்டினான். தங்கையையும் திட்டினான். வாப்பா அசையவில்லை.

“படுக்க மாட்டேன்.” நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டார். “நீ என்னய நல்லாத்தான் பாத்துக்கிட்டே, மவனே. மையத்தப் பாத்துக்குற மாதிரி.”

பிணம் என்று அவர் தன்னைச் சொன்னதும் வியாபாரியின் சிரிப்பு நின்றது.

“வர்றவங்க மெச்சணும்னுதான் வாப்பாவப் படுக்க வச்சேன்,” என்றான் சிக்கந்தர். “டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. பொழச்சு வந்த பெரியவங்க தன் மூச்சுல தானா நடக்குற வரைக்கும் புள்ளைங்க கடம முடியாது. அது தெரிஞ்சும் நா கெடத்தி வச்சுட்டேன்.” போத்தலைத் தகப்பன் பக்கத்தில் திரும்ப வைத்தான்.

ஜும்மாவுக்கு ஆட்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். முகம்மது கனி எழுந்து தொப்பியை எடுத்து மாட்டினார். சிக்கந்தர் தாங்கப் போனான். சபூரா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிப் படியில் இறங்கினார், நின்றார், மூச்சு அடங்கியதும் மறுபடி இறங்கினார். கடையைத் தாண்டினார். கடைகளை ஒட்டி ஓடும் அஞ்சடி நடைபாதையில் கால் வைத்து, கூட்டத்தோடு பள்ளிவாசல் பக்கம் நடந்து போனார்.