டொபியின் பல்

சீலா மீன் வாங்கத்தான் வந்தேன் என்று ஸைனுலாப்தீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சீலா கிண்ணியாவிலேயே கிடைக்கும். அதற்காக யாரும் பஸ் ஏறித் திருகோணமலை மீன் சந்தைக்கு வருவதில்லை. அவர் வந்தது ஒரு பூனையைப் பார்க்க.

பத்து நாளைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலையில், இதே சந்தையின் பின்பக்கத்தில் ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும் மூலையில் ஓர் உரப்பையின் வாயை அவிழ்த்து, பிஸ்மி சொல்லி, அதை வெளியே விட்டவர் அவர்தான். வேண்டாத பூனையைக் கொல்வதும் பாவம், பட்டினி போடுவதும் பாவம். அதனால் மீன் உள்ள இடமாகப் பார்த்து விட்டுவருவார்கள். அவருடைய வாப்பாவும் அப்படித்தான் செய்தார். பேரப்பிள்ளைகளிடம் பூனை வேறு வீடு பார்த்துப் போய்விட்டது என்று சொல்லியிருந்தார். மூத்தவள் ஆதிலா நம்பவில்லை. எட்டு வயது, கேள்வி கேட்கிற வயது. ஐந்து வயது ஹஸ்மி நம்பினான். ஒவ்வொரு நாளும் ஒரு மீன் தலையை எடுத்து மதிலின் மேல் வைத்தான்.

"நானா, அங்கால போகாதீங்க. மருந்து அடிச்சிருக்கு," என்றான் பிரகலாதன். இருபது வருடமாக அவனிடம்தான் ஸைனுலாப்தீன் பெருநாள் மீன் வாங்குவார். இடது காலில் கட்டுப் போட்டு, வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் காலைத் தூக்கி வைத்திருந்தான்.

"கால்ல என்ன?"

"பூனை கடிச்சது. விசர்ப் பூனை."

"பூனைக்கு விசரா?"

"நானும் அப்பிடித்தான் கேட்டனான். சுகாதாரப் பகுதி பீ.எச்.ஐ. சிரிக்கிறார். பூனைக்கும் வருமாம், கீரிக்கும் வருமாம். எனக்கு முதலே இருந்தது எண்டு மனுசி சொல்லுறா." சிரித்துக்கொண்டே ஒரு பாரையின் செதிலைச் சுரண்டினான். "மற்ற நாளே அது செத்துப்போச்சு. தலையை வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினவங்கள். நேற்று ரிசல்ட் வந்தது. விசர்தான். எனக்கு ரெண்டு ஊசி முடிஞ்சுது, இன்னும் இருக்கு."

"என்ன நிறம்?"

"செம்மஞ்சள். வால் நுனி மட்டும் வெள்ளை. கழுத்தில பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. ஆரோ வீட்டில வளத்த பூனை நானா. அந்த வீட்டைத்தான் தேடுறாங்கள். கடி வாங்கின பிள்ளைகுட்டி இருந்தா உடன ஊசி போடவேணுமாம். வருத்தம் தொடங்கிட்டா டொக்டராலயும் ஒண்டும் செய்ய ஏலாதாம்."

ஆதிலாவின் பள்ளிக்கூட ரிப்பன் அது.

ஸைனுலாப்தீன் தலையை ஆட்டினார். சீலா நல்லதாக இல்லை என்று என்னவோ சொல்லிவிட்டு வெளியே வந்தார். பஸ் வரும்வரை நிழலில் நிற்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸில் இருந்து நாட்களை எண்ணினார். ஜும்ஆ முடிந்து வந்த வெள்ளிக்கிழமை. கட்டிலுக்கு அடியில் இருந்த பூனையை, டொபியை, ஹஸ்மி வாலில் பிடித்து இழுத்தான். அது கத்தவில்லை, ஓடவில்லை, திரும்பி அவனுடைய வலது பெருவிரலைக் கவ்வியது. கையை உதறியும் விடவில்லை. அவர் வந்து தாடையைப் பிரித்துத்தான் எடுத்தார். இரண்டு பல் பட்ட இடத்தில் இரண்டு சொட்டு இரத்தம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, ஓதி ஊதினார். வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒவ்வொரு விரலாக மடக்கி வந்தார். இன்று வியாழன். பதின்மூன்று நாள்.

அன்று மகள் ஷிஃபானாவிடம் அவர் சொல்லவில்லை. குறிஞ்சாக்கேணியில் படிப்பிக்கிறாள். புருஷன் பஹ்மி கட்டாரில். பிள்ளைகள் பகல் முழுக்க இவர் பொறுப்பில். முந்தின மாதம் டொபி ஹஸ்மியின் கன்னத்தைக் கீறியபோதே அவள் முடிவாகச் சொல்லியிருந்தாள்: "இன்னொரு தரம் இப்பிடி நடந்தா பூனையும் வேணாம் வாப்பா, நீங்க பார்க்கிறதும் வேணாம். காசு கட்டி எங்கயாவது விடுறன்." மனைவி போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது அந்தப் பகல் மட்டும்தான். "உம்மாட்ட சொல்லப்படாது மகன்," என்று ஹஸ்மியிடம் சத்தியம் வாங்கினார்.

விசர் நோய் என்றால் நாய்க்கு வருவது என்றுதான் அவருக்குத் தெரியும். அவர்கள் தெருவில் நாய் வளர்ப்பவர்கள் இல்லை. பூனை அப்படியில்லை, சுத்தமான பிராணி. அது வாய் வைத்த தண்ணீரிலும் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யலாம். தொழும்போது மடியில் வந்து படுத்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. மாசி மாதம் பிராணிகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர்கள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, படலையடியில் நின்று கேட்டார்கள். "எங்கட வீட்டில நாய் இல்ல," என்று இவர்தான் பதில் சொன்னார். பூனை அப்போது அவர் காலடியில் இருந்தது.

கடித்த மறுநாளே அதன் குரல் மாறியது. தொண்டை அடைத்த மனிதர் கூப்பிடுவது போல ஒரு சத்தம். கதிரைக் காலைக் கடித்தது. திங்கட்கிழமை அவர் பையை எடுத்தபோது, சினைப் பூனையின் குணம் இப்படித்தான் என்று நினைத்தார். அப்படி நினைக்க விரும்பினார்.

பாலத்தில் பஸ் ஏறியது. கீழே வலைத் தோணிகள். சீனக்குடாப் பக்கம் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது.

பாலர் பாடசாலை வாசலில் டீச்சர் ஹஸ்மியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "பிள்ளைக்கு மேல் சுடுது. பத்து மணியில இருந்து படுத்திட்டான். கோல் எடுத்தனான், நீங்க எடுக்கல்ல."

அவர் பையனை வாங்கினார். கழுத்தில் அந்தச் சூடு பட்டது. பெருவிரலைப் பிரித்துப் பார்த்தார். காயம் ஆறி, எறும்பு கடித்தது போல இரண்டு புள்ளி.

"டொபி வந்திட்டா மூத்தப்பா?"

"இல்ல மகன்."

அதற்குமேல் யோசிக்க அவர் தன்னை விடவில்லை. ஆட்டோ பிடித்து நேரே குறிஞ்சாக்கேணிக்குப் போனார். ஷிஃபானா சோக்குத் தூள் கையோடு கேற்றடிக்கு வந்தாள். பையனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன?"

"டொபி இவனைக் கடிச்சது. பதின்மூன்று நாளாச்சு. பூனை விசராம். செத்துப்போச்சாம்."

அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் சோக்குக் கையைச் சேலையில் துடைத்தாள். "ஆதிலாவையும் கூட்டிக்கிட்டுப் போவம். ஏறுங்க," என்றாள். வழியில் ஆதிலாவின் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி அவளையும் ஏற்றிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பெண் ஒருத்தி அவரிடம்தான் கேட்டாள், ஏனென்றால் ஷிஃபானாவுக்குப் பதில் ஒன்றும் தெரியாது.

"கடிச்ச உடன சவர்க்காரம் போட்டுக் கழுவினீங்களா?"

"மஞ்சளும் சுண்ணாம்பும் வைச்சன்."

"பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கா?"

"அது நாய்க்குத்தானே..."

அவள் எழுதுவதை நிறுத்தி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு ஹஸ்மியின் வாயைத் திறந்து டோர்ச் அடித்தாள். "தொண்டை சிவந்திருக்கு. காய்ச்சல் அதால வந்திருக்கலாம்."

"இருக்கலாம் எண்டா?" ஷிஃபானா கேட்டாள்.

"இப்ப அவ்வளவுதான் சொல்ல ஏலும் டீச்சர். ஊசியை இண்டைக்கே தொடங்குவம். பிந்தினதுதான், ஆனா தொடங்காம விட ஏலாது."

ஆதிலாவைத் தடவிப் பார்த்தார்கள். கீறல் இல்லை, ஆனாலும் பூனை கையை நக்கியிருக்கும் என்று டொக்டர் அவளுக்கும், அதன் தாடையைப் பிரித்த அவருக்கும் ஊசி எழுதினாள். ஆதிலா பல்லைக் கடித்துக்கொண்டு குத்துப்பட்டாள். பிறகு மூத்தப்பாவைப் பார்த்து, "அதை நீங்கதான் கொண்டு போய் விட்டீங்க, என்ன?" என்று மட்டும் கேட்டாள். அவர், "ஓம்," என்றார். அவள் எழுந்து உம்மாவின் மறுபக்கம் போய் இருந்தாள்.

ஹஸ்மிக்குத் தோளில் போட்ட ஊசி போதாது. கடித்த இடத்தைச் சுற்றியும் மருந்து ஏற்ற வேண்டும். பெருவிரலில் எவ்வளவு இடம் இருக்கிறது? தாதி கையைப் பிடித்தாள், அவர் உடம்பைப் பிடித்தார். முதல் குத்திலேயே பையன் வளைந்து துள்ளினான்.

"உம்மா, நான் சொல்லல்ல! ஆரிட்டயும் சொல்லல்ல! மூத்தப்பா, நான் சொல்லல்ல!"

இரகசியத்தை உடைத்ததற்குத் தண்டனை என்று நினைத்துவிட்டான். நான்கு தரம் குத்தினார்கள். நான்கு தரமும் அதையே சொன்னான். ஷிஃபானா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாதி, "என்னத்தச் சொல்லல்ல எண்டுறான்?" என்று கேட்டாள்.

போகும்போது டொக்டர் ஒரு துண்டில் திகதிகளை எழுதிக் கொடுத்தாள். "இதில ஒண்டையும் தவற விடவேணாம். மூன்று மாசமாவது கவனமாப் பாருங்க. சாப்பாடு, தண்ணி, நித்திரை எல்லாம். கடிச்ச இடத்தில எரிவு, ஊர்ற மாதிரி, சொறி எண்டாலும் கொண்டு வாங்க. காயம் ஆறேக்கயும் சொறியும்தான். ஆனா அது எது எண்டு நீங்க வீட்டில இருந்து முடிவெடுக்க வேணாம்."

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஷிஃபானா ஞாயிறுவரை வாப்பாவோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைப்பாள், அவ்வளவுதான். கட்டாரிலிருந்து பஹ்மி எடுத்த கோலைக் குசினிக்குள் கொண்டுபோய்க் கதைத்தாள். அவர் காதில் விழுந்தது ஒரு வரி: "வேற ஆர் இரிக்கா, நீங்களே சொல்லுங்க."

திங்கட்கிழமை காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். லீவு முடிந்துவிட்டது.

"ஹஸ்மி வீட்டில நிக்கட்டும். ஃபோனை மேசையில வைச்சுத்தான் படிப்பிக்கப் போறன், பிரின்ஸிபலிட்ட கேட்டுட்டன். என்ன எண்டாலும் எடுங்க. இது பெரிசா சின்னனா எண்டு நீங்க யோசிக்க வேணாம் வாப்பா. சொன்னாக் காணும்."

"ஓம் மகள்."

எட்டரைக்கு எடுத்தார்: பால் பாதிதான் குடித்தான். ஒன்பது மணிக்கு: மீதியையும் குடித்துவிட்டான். ஒன்பதே முக்காலுக்கு: தும்மினான், இரண்டு தரம். ஒவ்வொரு தரமும் அவள், "சரி," என்று வைத்தாள். தும்மலுக்கு மட்டும் கொஞ்சம் சிரித்தது போல இருந்தது. அந்தச் சிரிப்பை அவர் நெடுநேரம் காதில் வைத்திருந்தார்.

பத்தரை மணி இருக்கும். ஹஸ்மி விறாந்தையில் விளையாட்டு லொறியில் மண் ஏற்றிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரமாக லொறியின் சத்தம் இல்லை. அவர் எட்டிப் பார்த்தார். பையன் பெருவிரலைப் படியின் விளிம்பில் வைத்து, மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவசரமில்லாமல், வேறு எங்கோ பார்த்தபடி.

"என்ன மகன் செய்றீங்க?"

"சொறியுது."

"எரியுதா?"

"சொறியுது," என்றான் மறுபடியும். நிறுத்தவில்லை.

காயம் ஆறுகிறது. டொக்டரே சொன்னாள். ஊசி குத்திய இடம் வேறு, தோல் உரியத்தானே செய்யும். இதைச் சொன்னால் அவள் வகுப்பைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். அரை மணித்தியாலம் பார்ப்போம், தேங்காயெண்ணெய் கொஞ்சம் பூசிப் பார்ப்போம் என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. எண்ணெய்ப் போத்தல் அலுமாரியில் இருந்தது. அவர் எழுந்து இரண்டு அடி வைத்தார். நின்றார். ஃபோனை எடுத்தார்.

"சொல்லுங்க வாப்பா."

"ஹஸ்மி கையைச் சொறியிறான்."

அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. ஏழாம் வாய்ப்பாடு. அது ஒரு வரி போய், அடுத்த வரியும் போனது.

"எந்தக் கை?"

"வலது. கடிச்ச விரல்தான்."

"எப்ப தொடக்கம்?"

"இப்பதான் கண்டனான். கொஞ்சம் முந்தியே தொடங்கியிருக்கும்."

"சட்டையை மாத்தி வைங்க," என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. "வாறன்."

அவர் பையனைத் தூக்கிப் படியில் நிறுத்தி, மண் படிந்த சட்டையைக் கழற்றி, வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டார்.

"மறுகா ஊசியா மூத்தப்பா?"

"தெரியாது மகன்."

ஹஸ்மி அழவில்லை. அவருடைய தோளில் கையை ஊன்றிக்கொண்டு, அவர் பொத்தான் போட்டு முடிக்கும்வரை, பெருவிரலை அவர் சட்டைத் துணியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றான்.