மேடைக்கு ஓர் அம்மா

கிழிசலைத் தைப்பதுதான் வேலை என்று நினைத்து இந்த ராக் குழுவில் சேர்ந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே கிழிசலைக் காப்பாற்ற வேண்டும். பாடகனின் ஜீன்ஸ் முழங்காலில் ஒரு கை நுழையும் அளவுக்குக் கிழிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நூல்கூடப் பிரியக் கூடாது. உள்பக்கம் கறுப்பு வலைத்துணி வைத்து, தையல் வெளியே தெரியாமல் ஓரம் அடிக்கிறேன். அப்புறம் அந்தச் சட்டை. கடைசிக்கு முந்தின பாட்டில் ஆவேசம் வந்து கழுத்தைப் பிடித்துச் சட்டையைக் கிழித்து எறிவான் பாருங்கள், அதை மத்தியானமே கத்தரித்து, இரண்டே இரண்டு லேசான தையலில் நிறுத்தி வைப்பவள் நான். ராத்திரி சாப்பிட்ட தட்டைத் தூக்கி வைக்கத் தெம்பில்லாத கை அவனுடையது. இவன் என்னத்தைக் கிழித்தான் என்று யாராவது கேட்டால், அதையும் நான்தான் கிழித்தேன் என்று சொல்லுவேன்.

மேடையில் அவன் பெயர் புயல். பஸ்ஸில் ஏறினால் தலைசுற்றல், முன் சீட்டைவிட்டு நகர மாட்டான், மடியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். மற்ற நான்கு பேரும் பின்னால். டிரம்ஸ்காரன் கையில் கிடைப்பதையெல்லாம் தட்டுவான், கிதார்காரன் தலைமுடியைச் சீவுவான், மீதி இரண்டு பேர் தூங்குவார்கள். இரண்டு வருஷத்துக்கு மேலாக இதே பஸ், இதே நாற்றம். ஊர் ஊராகச் சுற்றுகிறீர்களே, கொடுத்து வைத்தவர்கள் என்பார்கள் வெளியே. நாங்கள் பார்ப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்: சாமான் இறக்கும் பின்வாசல், நீளமான நடை, பாதி பல்பு எரியாத கண்ணாடி உள்ள அறை. பாட்டும் அரைத்த மாவுதான்.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். அம்மா விஷயம்தான் விட முடியாதது.

ஒவ்வொரு ஊரிலும் ஆறாவது பாட்டு முடிந்ததும் விளக்கெல்லாம் அணையும். புயல் மேடை விளிம்பில் உட்கார்ந்து பையிலிருந்து போனை எடுப்பான். "எனக்கு இப்ப ஒருத்தங்க குரலைக் கேக்கணும்போல இருக்கு" என்பான், ஏதோ அந்த நிமிஷம்தான் தோன்றியதுபோல. போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடிப்பான். மணி அடிக்கும். "ஹலோ, அம்மா?" என்பான். பத்தாயிரம் பேர் மூச்சைப் பிடிப்பார்கள். உடனே ஒரு தாயின் குரல் கரகரப்போடு வரும்: "கண்ணா, சாப்பிட்டியாப்பா? நீ எங்க இருந்தாலும் உன் பாட்டைக் கேட்டுட்டுத்தான்ப்பா தூங்குறேன்." கூட்டம் அழும். தாடி வைத்த தடியன்கள்கூட அழுவார்கள்.

அந்தத் தாய் நான்தான். கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு கையில் மைக், இன்னொரு கையில் அடுத்த பாட்டுக்கான கோட்டு. கரகரப்பு சவுண்டுக்காரர் சேர்ப்பது. புயல் கையிலிருக்கும் போனில் சார்ஜே இருக்காது.

ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை உண்மையான அம்மாவைத்தான் கூப்பிட்டான், இரண்டு வருஷத்துக்கு முன்னால். அந்த அம்மா போனை எடுத்து, "யாரு? சத்தமாப் பேசு! இங்க மோட்டார் ஓடுது, அப்புறம் கூப்பிடு!" என்று கத்தி வைத்துவிட்டார். கூட்டம் ஒரு நிமிஷம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் காலை பஸ்ஸில் மேனேஜர் தீர்ப்புச் சொன்னார்: "ஐடியா சூப்பர். அம்மா வேணும். ஆனா அந்த அம்மா வேணாம்." பஸ்ஸில் இருந்த ஒரே பொம்பளை நான். வசனத்தை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.

நானும் பேசினேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். வேலை போய்விடும் என்று பயந்து, எவளோ ஒருத்தியின் இடத்தில் உட்கார்ந்து "கண்ணா" என்றேன். அந்த ஒருத்தி எங்கே இருக்கிறாள், இதைக் கேட்கிறாளா என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

போன வாரம் அவன் பிறந்த ஊருக்குப் போனோம். காலையிலேயே பேட்டி. "அம்மா கையால சாப்பிட்டுட்டு நேரா வர்றேன்" என்றான் புயல். ஓட்டல் லிப்டிலிருந்து நேராக வந்திருந்தான். வீடு பத்து நிமிஷ தூரம் என்று டிரைவர் சொன்னார். போகவில்லை. நிகழ்ச்சிக்கு நான்கு மணி நேரம் முன்பே அறையைச் சாத்திக்கொண்டு மௌன விரதம். தொண்டையைக் காப்பாற்றுகிறானாம். ஏதாவது வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதிக் காட்டுவான்.

மூன்று மணிக்கு நூல் வாங்கலாம் என்று பின்வாசலுக்குப் போனேன். காவலாளியோடு ஒரு அம்மா சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நல்ல கட்டைக் குரல், தெருவே கேட்கும்.

"நான் அவனைப் பெத்தவ, புரியுதா உங்களுக்கு?"

"புரியுதும்மா. காலைலேருந்து பெத்தவங்க மூணு பேர் வந்தாச்சு. நீங்க நாலாவது."

எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதே மூக்கு, அதே முகவாய். கோபம் வந்தால் காது மடலைத் தேய்க்கும் அதே பழக்கம். "எங்க ஆளுதான், விடுங்க" என்று சொல்லிக் கையைப் பிடித்து என் அறைக்குக் கூட்டிப் போனேன். துணித் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன்.

"அவன் இப்ப யாரையும் பாக்க மாட்டான் அக்கா. மௌன விரதம்."

"பேசாம இருக்கானா? அவனா?" சிரித்தார். அப்புறம் மேஜைமேல் இருந்த ஜீன்ஸைத் தடவிப் பார்த்தார். "ஏம்மா, எங்கேயாச்சும் விழுந்துட்டானா?"

"இல்லக்கா. நான் கிழிச்சது."

அவர் அதை மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க வந்தது வேறு. "அது யாரும்மா, என்னை மாதிரிப் பேசுறது?"

"நான்தான்" என்றேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நல்லாத்தான் பேசுறீங்க. எனக்கு அவ்வளவு நைசா வராது" என்றார். பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது.

அந்த மோட்டார் நாளுக்குப் பிறகு அவன் கூப்பிடவே இல்லை. இவர் கூப்பிட்டால் மேனேஜர் எடுத்து, சார் பிஸி என்பார். பக்கத்து வீட்டுக்காரர்களோ வீடியோ பார்த்துவிட்டு, பிள்ளைன்னா இப்படி இருக்கணும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார்கள். நாத்தனார் மட்டும், போன்ல உங்க குரல் மெலிசா இருக்கே அண்ணி என்று கேட்டாளாம். "போன்ல அப்படித்தான் கேக்கும்னு சொல்லிட்டேன்." நிகழ்ச்சி நடக்கும் நேரத்தில் இவர் வெளியே தலைகாட்ட முடியாது. மகனோடு பேசிக்கொண்டிருக்க வேண்டிய அம்மா கடையில் நின்றால் என்ன ஆகும்? கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாராம், விளக்குகூடப் போடாமல்.

"மோட்டாரும் போடுறதில்ல. திடீர்னு கூப்பிட்டான்னா? அந்த நேரத்துல தண்ணி ஏத்துறதையே விட்டுட்டேன், ரெண்டு வருஷமா." காது மடலைத் தேய்த்தார். "எனக்கு வேற எதுவும் வேணாம்மா. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சிரிக்க வெச்சுட்டேன்ல, அந்தக் கோபம் இன்னும் இருக்கான்னு தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லுக்காவது ஒரு கனம் உண்டு. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் சொன்னேன்: "அக்கா, இன்னிக்கு நீங்களே பேசுங்க."

வேண்டாம் வேண்டாம் என்றார். ஆனால் ஆறாவது பாட்டு முடிவதற்குள் தலையைச் சீவிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். திரையின் இடுக்கு வழியாக அவன் முதுகு தெரிந்தது. எப்படியும் குரலைக் கேட்டதும் திரும்பிப் பார்ப்பான், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் இடுக்கிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

விளக்கு அணைந்தது. போன், மணி, "ஹலோ, அம்மா? எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்டா" என்றார். "உனக்குத் தொண்டை கட்டியிருக்கே. ஏன்டா இப்படிக் கத்துற? மோட்டாரை அன்னிக்கே நிறுத்திட்டேன். இப்பல்லாம் போடுறதே இல்ல. எப்ப வேணா கூப்பிடு."

அவன் ஒரு விநாடி நின்றான். பிறகு அவன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "லவ் யூ அம்மா!" என்று கத்தினான். கிதார் ஆரம்பித்தது. கூட்டம் வழக்கம்போல அழுதது.

"தெரிஞ்சிருக்கும்" என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்து. "நின்னான்ல?"

"ஆமாக்கா, நின்னான்" என்றேன்.

நிகழ்ச்சி முடிந்து புயல் என் அறைக்கு வந்தான். ஈரமான தோல் கால்சட்டையைத் தானாகக் கழற்ற வராது, நான்தான் கணுக்காலைப் பிடித்து இழுக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான். தள்ளுவண்டியில் தொங்கிய கோட்டுகளுக்குப் பின்னால் அவன் அம்மா நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் திறந்துவிட்டான்.

"என்ன தையலக்கா, இன்னிக்குக் காலை வாரிட்டீங்க? வசனத்தை ஏன் மாத்துனீங்க? மோட்டாராம்! குரலும் ஒரே கட்டை. கொஞ்சம்கூட அம்மா மாதிரியே இல்ல."

நான் கணுக்காலை விட்டேன். கோட்டுகள் விலகின.

"அம்மா!" துள்ளி எழுந்தான், பாதி கழன்ற கால்சட்டையோடு. "எப்ப வந்தே? சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேன்ல! மேனேஜர், ஓடி வாங்க, ஒரு போட்டோ எடுங்க! இது நாளைக்கு எப்படிப் போகும் பாருங்க!"

அம்மா போட்டோவுக்கு நிற்கவில்லை. "அன்னிக்கு மோட்டார் ஓடுச்சுன்னு போனை வெச்சேனே, அந்தக் கோபமாடா உனக்கு?"

"எந்த மோட்டார்?"

உண்மையாகவே கேட்டான். நடிப்பென்றால் எனக்குத் தெரிந்திருக்கும், இரண்டு வருஷமாகப் பார்க்கிறேனே. அவனுக்கு ஞாபகமே இல்லை. இந்த அம்மா இரண்டு வருஷம் இருட்டில் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துப் பார்த்த ஒரு விஷயம், அவன் தலைக்குள் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. கோபமாக இருந்தாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். கைப்பையை எடுத்துக்கொண்டார். "கட்டைக் குரல்தான்டா எனக்கு. உன்னைப் பெத்த அன்னிக்கும் இதே குரல்லதான் கத்துனேன்."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மேனேஜர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்து, எந்தப் பக்கம் வெளிச்சம் என்று பார்த்தார். அம்மா அவரைத் தாண்டி நடையில் இறங்கிப் போய்விட்டார். கிளம்பும்போது ஒரு துண்டுத்தாளில் நம்பரை எழுதி என் கையில் வைத்தார், அவன் கையில் அல்ல.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினோம். டிரம்ஸ்காரன்கூட எதையும் தட்டவில்லை. நான் அன்றைய சட்டையின் கழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். மூன்று இழை நூல், இரட்டைத் தையல். கிழிக்கட்டும், பார்க்கிறேன்.

புயல் முன் சீட்டிலிருந்து தள்ளாடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் போன், முதல் தடவையாக முழு சார்ஜ்.

"தையலக்கா, அம்மா நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

இருபத்தாறு வயசுப் பிள்ளை பெற்ற தாயின் நம்பரைத் தையல்காரியிடம் கேட்கிறான். தாளை நீட்டினேன்.

அழுத்தினான். ஸ்பீக்கரில் மணி நான்கு முறை அடித்தது.

"யாரு?" அந்தப் பக்கம் கடகடவென்று ஒரே இரைச்சல். "சத்தமாப் பேசு!"

"அம்மா, நான்தான்மா..."

"நீயா? மோட்டார் போட்டிருக்கேன்டா. தொட்டி நிரம்பட்டும், அப்புறம் கூப்பிடு!"

வைத்துவிட்டார். இரைச்சல் நின்றது. புயல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. எதிரே கூட்டம் ஏதும் இல்லாமல் வந்த தண்ணீர், அதற்காக எனக்கு இரக்கம் வந்துவிடவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

"என்ன தம்பி, இப்ப அம்மா மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டேன்.