தோளில் இருந்த கை

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் ஞாயிறு மதியம் காலி மேசை கிடைப்பது அரிது. கையில் தே தாரிக் தேநீரோடு தங்கராஜு மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் இருக்கும், அதுதான் அடையாளம் என்று, இன்று முதல்முறை சந்திக்கவிருந்த ஆண்ட்ரியா எழுதியிருந்தாள். இவரும் சரியென்று பதில் போட்டிருந்தார். இடம் பிடிக்க டிஷ்யூ பாக்கெட் வைப்பது இந்த ஊர் முழுக்க உள்ள வழக்கம் என்பது இரண்டு பேருக்குமே அப்போது உறைக்கவில்லை. இப்போது பார்த்த மேசையிலெல்லாம் ஒரு பாக்கெட் கிடந்தது.

முதல் மேசையில் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். பிரியாணித் தட்டுகளோடு ஒரு குடும்பமே வந்து நின்றது. இரண்டாவது மேசையில், "அங்கிள், இங்க ஆள் இருக்கு லா" என்று ஒரு இளைஞன் எழுப்பிவிட்டான்.

மனைவி இறந்தபின் குவீன்ஸ்டவுன் வீட்டில் சாப்பிடும்போது அவருக்குத் தொலைக்காட்சிதான் துணை. பேச ஒரு ஆள் வேண்டும் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். மகன் வருண் உடனே ஒரு டேட்டிங் தளத்தில் அவரைச் சேர்த்துவிட்டான். அறுபத்துமூன்று வயது அங்கே நாற்பத்தெட்டு ஆனது. உண்மையைப் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றான். படமும் ஏதோ கல்யாண விருந்தில் எடுத்த பழைய படம். பக்கத்தில் நின்ற அம்மாவை அவன் தயங்கித் தயங்கி வெட்டினான். தோளில் இருந்த அவள் கையை மட்டும் தங்கராஜு வெட்டவிடவில்லை.

அதன்பின் வந்த முதல் பெண்மணி காப்புறுதி பாலிசி விற்றார். அடுத்தவர், வீடு எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கமா என்று கேட்ட பிறகுதான் பெயரைக் கேட்டார். மூன்றாமவர் தன் அம்மாவைக் கூட்டிவந்தார். அந்த அம்மாவுக்கும் இவருக்கும் பேச்சு சுவாரஸ்யமாகிவிட, மகள் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஆண்ட்ரியாவாவது வருவாளா? கால் வலித்தது. ஓரத்து மேசையில் தேவாலயத்திலிருந்து நேராக வந்தவர்போல் ஒரு நரைத்த தலை அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்காரலாமா என்று தங்கராஜு கேட்டார். ஆள் வரும்வரை உட்காருங்கள் என்றார் அந்த அம்மாள். பிறகு அவரே புலம்பினார். வரவேண்டியவர் நாற்பத்தெட்டு வயசுக்காரர், தூரத்திலிருந்தே தன்னைப் பார்த்துவிட்டு ஓடியிருப்பார் என்று.

அந்த நாற்பத்தெட்டு வயசுக்காரர் தான்தானோ என்று தங்கராஜுவுக்குப் பட்டது. உண்மையைச் சொன்னால் இவரும் எழுந்து போய்விடுவாரே. "ஆளு பாக்க எப்படி இருப்பாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மூஞ்சி சரியா ஞாபகம் இல்லீங்க. தோள்ல வளையல் போட்ட ஒரு கை இருந்துச்சு. மத்த ஆம்பளைங்க எல்லாம் பொண்டாட்டி இருந்த தடமே இல்லாம வெட்டிட்டுப் போடுறாங்க. இவரு அந்தக் கையை விட்டு வெச்சிருக்காரேன்னுதான் வந்தேன்."

"அது என் வீட்டுக்காரி கைங்க."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க டிஷ்யூவைப் பிரித்து வாயில் வைத்துக்கொண்டார்.

"நான் ஆண்ட்ரியா இல்ல. அந்தோனியம்மாள். அறுபது முடிஞ்சிருச்சு. பேரு, வயசு, போட்டோ எல்லாம் மக கேட்லின் போட்டது."

"அப்ப நாம ரெண்டு பேரும் போட்டதுல அந்தக் கை ஒன்னுதான் நிஜம்" என்றார் தங்கராஜு.

"ஆமாங்க. பொய்யைச் சொல்லிக் கூப்பிட்டா, வர்றவங்க அந்தப் பொய்யைத்தான் தேடுவாங்க. நாம எதிர்லயே உட்கார்ந்திருந்தாலும் அவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டோம்."